ஏழுக்கும் எட்டுக்கும் இடையில்

எங்கள் கதையைச் சொல்லும் அழைப்பிதழ் வேண்டும் என்றார்கள்.
எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்.
கதை என்னவென்று கேட்டால்
ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு
கைப்பேசியில் பாலித் தீவுப் படங்களைக் காட்டுவார்கள்.

நித்திலா எதையும் காட்டவில்லை.
என் வீட்டு வெடிகுண்டுக் காப்பறையில்தான் காகிதங்கள்;
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவும் பகலும் முனகும்.
மாதிரி பார்க்க அழைத்தேன்.
இரும்புக் கதவருகே நின்று
உள்ளே வர மாட்டேன் என்றாள்.
அதுதான் கதை என்று
எனக்கு அப்போது தெரியாது.

ஈசூனில் அவள் புளோக்கின் மின்தூக்கி
ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் நின்றுபோனது.
விளக்கும் போனது.
கையில் உறைமீன் பொட்டலம்
உருகி உருகி முழங்கைவரை ஒழுக,
அபாயப் பொத்தானுக்கு அப்பால் ஒரு குரல்.
நாற்பது நிமிடம்.

'பதினெட்டு' என்றான் பரணீதரன்.
பழுது பார்க்க வந்தவன் அவன்தான்.
'பதிவேட்டில் இருக்கிறது.'
'வெளியே பதினெட்டு' என்றாள்.

முதல் வரைவில்
நடுவே பிளந்து இருபுறமும் திறக்கும் கதவு செய்தேன்,
உள்ளே பொன்னிறத்தில் இருவர் முகம்.
பெருமையாகத்தான் இருந்தது எனக்கு.
அவள் தலையசைத்தாள்.
'கதவு திறந்ததும் நான் இவரைப் பார்க்கவே இல்லை,
மீனைத்தான் பார்த்தேன்.
எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது,
இருட்டில்.'

ஆகவே உள்ளே இருட்டு வைத்தேன்.
அன்றிரவே மாப்பிள்ளையின் தாயார் அழைத்தார்:
கல்யாணப் பத்திரிகையில் கறுப்பா?
பிள்ளையார் எங்கே?

கறுப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரியான
அரக்குச் சிவப்புக்கு மாறினேன்.
மாடி எண் ஒளிரும் சின்னச் சதுரத்தில்
பிள்ளையாரை உட்கார்த்தினேன்.
தடங்கல் அவர் இலாகாதானே.

பிறகு வாசகம்.
நிகழும் மங்களகரமான என்று தொடங்குவது
வழக்கம்போல் இருக்கட்டும்.
ஆனால் அன்று அவன் சொன்னது
மடிப்பின் ஓரமாக, எறும்பு வரிசை அளவில் வேண்டும்.
அவனுக்கோ ஒன்றும் நினைவில்லை.
எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன் என்றான்.
அவள் எழுத்தெழுத்தாக ஒப்பித்தாள்:
மேல பாருங்க, ஓட்டை இருக்கு,
காத்து வரும். நான் போயிடமாட்டேன்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தாய்மாமன்
சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பினார்:
காற்று.
இரவு பதினொரு மணிக்கு அவள் அழைத்தாள்.
'அங்கே யாராவது "காற்று வரும்" என்று சொல்லியிருந்தால்
பயத்திலேயே செத்திருப்பேன்.'
மாற்றியதை மாற்றினேன்.
மாமா பிடித்த இரண்டு ஒற்றுப்பிழைகள் மட்டும்
சரியாகத்தான் இருந்தன.

முந்நூற்று ஐம்பது. இயந்திரம் மடிக்காது.
மூன்று இரவு என் கட்டைவிரல் மடித்தது.
டிசம்பர் ஈரத்தில் தாள் உப்பி
கதவுகள் இரண்டும் ஒட்டாமல்
ஒரு மயிரிழை விலகியே நின்றன.
மறுபடி அச்சடிக்கிறேன் என்றேன், தொண்டை அடைக்க.
பரணி அந்தச் சந்தில் நகத்தை விட்டுப் பார்த்தான்.
'எங்க வேலையில இது தேறும், அக்கா.'

நான்கு பெட்டிகளோடு அவள் புளோக்கில் ஏறினேன்.
பதினேழு வருடமாக இந்த ஊரில்
ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்,
எண்களைப் பார்ப்பேன், என் செருப்பைப் பார்ப்பேன்.
ஐந்து. ஆறு. ஏழு.
லேசாக ஒரு குலுக்கல். நிற்கவில்லை.
ஆனாலும் நிமிர்ந்தேன்.
இருந்தது ஓட்டை. ஒன்றல்ல,
கோலப்புள்ளிபோல் இரண்டு வரிசை.

எட்டில் கதவு திறந்தது.
யார் வீட்டிலோ மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.