சொல்லியா

நேப்பிள்ஸில் ரெண்டு மணி நேரம்
கரையிறங்க விட்டார்களாம்.
அதில் இருபது நிமிஷம் எனக்கு.

"இங்க காலையில இதான் பிலோமி.
நின்னுக்கினே துன்றாங்க.
கடைக்காரன் சொன்னான், ஊருக்குப் புதுசா வர்றவன்
இத துன்னாமப் போனா
வந்த கணக்கே இல்லையாம்."

பேர் கேட்டேன். சொன்னான் தனிஸ்லாஸ்.
எனக்கு விழுந்தது சொல்லியா,
அப்புறம் தெல்லாவோ என்னவோ.
படம் வரவில்லை. நெட் அவ்வளவுதான்.
"சத்தத்தையாச்சும் கேளு" என்று
போனோடு வாயை ஒட்டிக் கடித்தான்.

காயப்போட்ட நெத்திலிமேல்
தெரியாமல் கால் வைத்ததுபோல்
ஒரு நொறுங்கல்.

வாய் நிறைய வைத்துக்கொண்டே,
"உள்ள ரவை. நம்ம ரவைதான்.
திரிச்ச பாலு, ஆரஞ்சுத் தோலு, பட்டை வாசன.
வெளிய சங்கு மாதிரி, நூறு மடிப்பு."
எண்ணினாயா என்றேன்.
எண்ணத்தான் ரெண்டாவது வாங்கினேன் என்றான்.
அதற்குள் கப்பல் கூப்பிட்டுவிட்டது.

என் கடை எண்ணூர் விரைவுச் சாலையில்.
துறைமுகக் கேட்டுக்கு நிற்கும் டிரெய்லர் வரிசை
என் கல்லாவைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.
போகும் என்பது பேச்சுக்கு.
நகர்ந்தால் நூறடி,
பிறகு நாலு மணி நேரம்.
டீ, பன், நாலு இட்லி,
அவர்களுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும்.

பரோட்டா கடை மஸ்தான் பாய்
கல்லை அணைக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன்.
எண்ணெய்க் கையால் தாடியைத் தடவினார்.
"வீசுனா வரும். சுருட்டுனா வரும்.
சங்கு எப்படிம்மா வரும்?"

காகிதமாய் வீசிய மாவில் டால்டா பூசி
பாயைப்போல் இறுகச் சுருட்டினோம்.
இறுகிக் கிடக்க ஃப்ரிட்ஜ் ஏது,
காசிமேட்டு ஐஸ் பெட்டிதான்.
முதல் ஈடு முழுக்க வஞ்சிரம் வாசம்.
மறுநாள் புதுப் பெட்டி வாங்கி
வில்லையாய் நறுக்கி
கட்டைவிரலை நடுவில் விட்டு
அவர் மெல்லத் தள்ளத் தள்ள
மடிப்பு மேல் மடிப்பு வழுக்கி
கூம்பியது பாருங்கள்,
பாயே ஒரு நிமிஷம் பேசவில்லை.

பன் இறக்கிய பேக்கரி அடுப்பில்
மிச்சச் சூட்டுக்கு வைத்தோம்.
கல்லாய் ஒரு நாள். கரியாய் ஒரு நாள்.
வியாழக்கிழமை விரிந்தது.

தட்டில் அடுக்கினேன். சீந்தவில்லை யாரும்.
சங்ககிரி கொழந்தவேல்தான்
"இதென்னக்கா, பப்ஸுக்குக் கோவமா?" என்று
ஒன்று எடுத்தான்.
சட்டையெல்லாம் செதில்.
ரெண்டாவதுக்குக் கை நீட்டினான்.

அடுத்த வண்டி ராம்கிலாவன் கடித்துவிட்டு
"காஜா! எங்க ஊரு!" என்று கத்த
காக்கிநாடாக்காரன் இறங்கி வந்து
காஜா யாருடையது என்று
சட்டையைப் பிடிக்காத குறை.
இத்தாலி என்றேன்.
ரெண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.
மஸ்தான் பாய் தனியாகச் சொல்லிக்கொண்டார்,
"பரோட்டாதாம்மா. படிச்ச பரோட்டா."

இப்போது வரிசையில் அதுதான் பேர்.
"ரெண்டு சொல்லியா, ஒரு டீ!"
"சொல்லியா சொல்லியாச்சா?"

இருபத்து மூணாம் நாள் கூப்பிட்டான்.
எந்தத் துறைமுகம் என்று கேட்கவில்லை.
பேசாம கேளு என்றேன்.
போனில் வாயை வைத்துக் கடித்தேன்.

அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல் மட்டும்.
கேட்டுதா?
"கேட்டுது."
கொஞ்சம் கழித்து,
"ரவை இன்னும் வேகணும்."

பாவி. நிஜமாகவே வேகவில்லை.

திட்ட வாயெடுத்தேன்,
முன்னால் ஆரன், பின்னால் ஆரன்.
வரிசை நகர்கிறது!
கொழந்தவேல் பாதிச் சங்கைப் பல்லில் கவ்வியபடி
காசு அப்புறம் என்று கை காட்டி
ஓடிப்போய் ஏறினான்.

புழுதி அடங்கப் பார்த்தால்
போன் கண்ணாடியில், அவன் பேர்மேல்
ஒரு செதில்.
நாக்கால் ஒற்றி எடுத்தேன்.
பேருக்குக் கீழே
நொடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.