சொந்த அலுவல்

லீவு விண்ணப்பத்தில்
காரணம் எழுதுகிற கோட்டில்
'சொந்த அலுவல்' என்றுதான் எழுதினேன்.
சொந்த அலுவல்
என் மடியில் இரண்டு காலும்
ஆட்டோக் கம்பியில் இரண்டு காலுமாய்
உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை
எதிரே வந்த பஸ்களையெல்லாம்
குரைத்தே கடத்திவிட்டது.

பெயர் பேணி.
பால்பேணிக்குள் தலை மாட்டுப்பட்டு
நீர்வழங்கல் சபை மதிலோடு
முட்டிக்கொண்டு நின்ற குட்டியை
மீற்றர் பார்க்கிற யோகராசா
தகரக் கத்தரிக்கோலால் விடுவித்தார்.
காதில் ஒரு துண்டு போனது.
மீதி என்னோடு வந்தது.

"நாய்க்கு நூறு ரூபா கூட" என்றிருந்தார் ஆட்டோக்காரர்.
பஸ் நிலையத்தடியில்
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்ற புள்ளிமானைக் கண்டு
அது போட்ட ஊளைக்குப் பிறகு
நூற்றைம்பது.

ஆனி மாதம் கடல்
இந்தப் பக்கம் படுத்துக் கிடக்கும்.
மார்கழியில் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்.
பேணி நக்கிப் பார்த்தது.
தும்மியது.
வேறிடத்தில் நல்லதாய் இருக்குமோ என்று
பத்தடி தள்ளிப்போய் நக்கியது.
இன்னும் பத்தடி.
முழுக்கடலும் உப்பென்று உறுதிசெய்ய
அரை மணித்தியாலம் பிடித்தது.
எங்கள் ஆய்வுகூடத்தில்கூட
இத்தனை மாதிரி எடுப்பதில்லை.

பந்தை எறிந்தேன்.
வேண்டுமென்றால் ஏன் எறிந்தாய்
என்பதுபோல் பார்த்தது.

பதினொரு மணிக்குக் கச்சான் எழும்பியது.
தம்பலகாமத்து வயற்சூட்டையெல்லாம்
வாரிக்கொண்டு வந்து
முதுகில் கொட்டியது.
தொப்பி கழன்று
புறாமலையைப் பார்த்துப் போனது.
"பிடி, பிடி" என்று கத்தினேன்.
வெளிநாட்டுக்கு வழியனுப்ப வந்த ஆள்போல
பேணி ஈரமணலில் குந்தியிருந்து
அது புள்ளியாகும்வரை பார்த்தது.

கவிழ்த்து வைத்த வள்ளத்தின் நிழலில்
ஒரு குழி தோண்டி வயிற்றை வைத்தது.
எழும்பி, இன்னொரு குழி தோண்டியது.
எனக்காக்கும் என்று கால் வைத்தேன்.
உறுமியது.

கைபேசி மூன்று தரம் அடித்தது.
எங்கோ குழாய் வெடித்திருக்கும்.
முன்னால் இவ்வளவு தண்ணீர்.
எடுக்கவில்லை.

இந்தக் கரைக்கு முன்பும் வந்திருக்கிறேன்,
ஒருவரோடு.
அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.
அதை ஏன் இப்ப.

நாலு மணிக்குக் கரைவலை இழுத்தார்கள்.
இரண்டு கயிறு, இருபது பேர்,
யாருடையதோ போனில் படப்பாட்டு.
வால்கயிறு சுற்றிக்கொண்டிருந்த றொக்சனுக்குப் பின்னால்
மணலில் நெளிந்த நுனியை
பேணி கவ்வியது.
நாலு காலையும் ஊன்றி
பின்பக்கம் தூக்கி
இழுத்தது.
ஒருவன் சிரிக்க, வரிசையே சிரித்து
கயிறு தொய்ந்தது.
"சிரிச்சா மீன் வருமோ? இழுங்கடா!"
சம்மாட்டி செபமாலை கத்தினார்.
சிரிக்காமல் இழுத்தது
ஒரேயொரு ஆள்தான்.

வலை ஏறியது.
சூடை, கீரி, காரல்,
ஒற்றைச் செருப்பு,
கடற்பாசி பிடித்த போத்தல்.
என் தொப்பி இல்லை.
பார்த்தேன்.

கயிறு பிடித்தவருக்கெல்லாம் பங்கு.
செபமாலை நாயைப் பார்த்தார்,
வாயில் இன்னும் நார்.
ஏழு சூடையை எண்ணி
ஒரு பையில் போட்டு
என்னிடம் தந்தார்.
"இது அவற்றை."
எனக்கு ஒன்றுமில்லை.
நியாயம்தான்,
நான் படம் எடுத்துக்கொண்டு நின்றேன்.

ஈரநாயை எந்த ஆட்டோவும் ஏற்றவில்லை.
நடந்தோம்.
பத்தடிக்கு ஒருக்கால் திரும்பி
என்னைப் பார்த்தது.
என்னையில்லை. பையை.

இரவு உப்பில்லாமல் மிளகாயில்லாமல்
ஏழையும் அவித்து முள்ளெடுத்து வைத்தேன்.
ஆறு போனது.
ஏழாவதை மெல்லக் கவ்விக்கொண்டுபோய்
வாசலில் கிடந்த என் செருப்புக்குள் வைத்துவிட்டு
சுருண்டு படுத்துவிட்டது.

பங்கா,
நாளைக்கென்று ஒளித்ததா,
தெரியவில்லை.
எடுத்தால் கோபிக்குமோ.
விடிய எட்டரைக்கு
அந்தச் செருப்போடுதான்
வேலைக்குப் போகவேண்டும்.