கணக்கில் வராத காற்று

ஓல்டனில் நவம்பர் என்றால் மூடுபனிதான்.
ஆரே ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது
என்று பாலத்துக்கே தெரியாது.
ஞாயிறு காலை, ட்ரிம்பாக் தாண்டி
ஹவன்ஸ்டைன் மலைப்பாதையில் ஏறுகிறோம்.
ஸ்டியரிங்கில் கிரிதாசன்.
பக்கத்து இருக்கையில் நான், மடியில் கைபேசி,
கைபேசியில் எஞ்சினின் நாடி.

போன கிழமை புதுக் குழாய் பூட்டினான்.
கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்த இடத்தில்
என் மணிக்கட்டைவிட அகன்ற அலுமினியம்,
நுனியில் சிவப்புக் கூம்பு.
அறுநூறு பிராங்க் என்றான்.
ரசீதில் எழுநூற்று நாற்பது.
"கேளுமப்பா, டர்போ மூச்சு இழுக்கிறதை!"
ஃப்ராவ் வூத்ரிஹ்ஹும் கேட்டிருக்கிறார்,
லிஃப்டில் காகிதம் ஒட்டியிருக்கிறார்.

எனக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
சத்தத்தை நம்பமாட்டேன், எண்ணைத்தான் கேட்பேன்.
திரையில் இரண்டு எண்கள்:
குறுங்கால ஈடு, நீண்டகால ஈடு.
முன்னது பதற்றக்காரன், நொடிக்கு நொடி துள்ளுவான்.
பின்னது வீட்டுக் கணக்குப் பார்ப்பவள்,
குறையைக் கண்டு, ஒருவரிடமும் சொல்லாமல்
ஒரு கை கூடப் போட்டுப் போட்டு
அதையே வழக்கமாக்கிவிடுவாள்.

குழாய் அகன்றால் காற்று அவசரமில்லாமல் போகும்.
சூட்டுக்கம்பி போதிய அளவு குளிராது,
"கொஞ்சம்தான் வந்தது" என்று சொல்லிவிடும்.
கணினி நம்பிப் பெட்ரோலைச் சுருக்கும்.
புகைக்குழாயில் நிற்கும் சாட்சியோ
ஒட்சிசன் மிஞ்சுகிறதென்று காட்டிக்கொடுக்கும்.
பிறகுதான் இந்த ஈடு:
கூட்டல் எட்டு. கூட்டல் ஒன்பது.

இதுவரை விளங்குகிறது.
விளங்காதது, மேட்டில் நிறுத்தி
எஞ்சினைச் சும்மா ஓடவிட்டபோது வந்த எண்.
இருபத்திரண்டு.
மிதித்து ஏறும்போது பத்துத்தான்.
குழாய் அகலம் மட்டும் குற்றமென்றால்
எங்கும் ஏறக்குறைய ஒரேயளவு தவறவேண்டும்.
சும்மா நிற்பவனுக்கு இவ்வளவு பசி ஏன்?

"எஞ்சின் சந்தோசமா இருக்கு!" என்று கத்தினான்.
எப்போதும் கத்துவான்.
என் இடக் காது எட்டு வருடமாய் மந்தம்,
இந்த நாட்டில் சாரதி இடப்பக்கம்.
எந்த நாளில் குரலைக் கூட்டத் தொடங்கினான் என்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும்.
வியாழக்கிழமை அந்தக் காதில்
அவரைவிதை அளவில் ஒரு கருவி வைத்தார்கள்.
சொன்னேன். "நல்லது!" என்று கத்தினான்.

பொனெட்டைத் திறந்து கூம்பைத் தட்டிக்கொடுத்தான்.
நான் இடக் காதைத் தாழ்த்தினேன்.
உறுமலுக்கு அடியில்
கொதிக்கப்போகும் கேத்தல் போல ஒரு மெல்லிய ஸ்ஸ்.
உணரிக்குப் பின்னே, டர்போவுக்கு முன்னே,
ரப்பர் மூட்டில் பட்டி இறுகவில்லை.
ஒருவரும் எண்ணாத காற்று
அந்த வழியால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.
"இங்க," என்றேன்.
அவனுக்குக் கேட்கவில்லை.

திருகாணி ஒன்றரைச் சுற்று.
குறுங்காலம் சடாரென்று சறுக்கியது,
இரண்டையும் கூட்டினால் ஒன்பது.
அந்த ஒன்பது குழாயின் சொந்தப் பொய்.
எந்தத் திருகாணிக்கும் அது அசையாது.

புதன்கிழமை வாகனச் சோதனை.
நிலவறையில், பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்குப் பின்னால்
பழைய பெட்டி இருந்தது.
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பூட்டினான்.
சத்தம் போயிற்று. ஈடு போகவில்லை.
நீண்டகாலம் பழைய பயத்தில் இன்னும் ஊற்றுகிறது,
குறுங்காலம் கழித்தல் எட்டு, கழித்தல் ஏழு என்று
அதன் கையைப் பிடித்து இழுக்கிறது.
சில நாள் ஓடினால் மறந்துவிடுமாம்.

சோதனை முடிந்து திரும்பும் வழியில்
ஒரு முழ தூரத்தில் இருந்த என்னிடம்
"பால் வாங்கோணுமோ!" என்று கண்ணாடி அதிரக் கேட்டான்.
கருவியின் ஒலியைக் குறைக்க விரல் போனது.
பிறகு இறக்கிவிட்டேன்.
"ஓம்," என்றேன்,
வழமையைவிடச் சின்னதாக.