வழிவதை மறை

என் திரையில் பட்டன் இருக்கிறது.
குரோமில் இருக்கிறது.
ஃபயர்ஃபாக்ஸில் அரை நூல் இறங்கினாற்போல, ஆனாலும் இருக்கிறது.
கேதகியின் ஐபோனைக் கடன் வாங்கிப் பார்த்தேன்,
சஃபாரியின் அடிப்பட்டைக்குச் சற்று மேலே
பச்சையாக, தெளிவாக,
'அறை வேண்டும்'.

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா"
என்கிறார் போனில் அய்யம்பெருமாள்,
பரேல் பாலத்துக்கு அடியில் நின்றுகொண்டு.
பெஸ்ட் பஸ் ஒன்று அவர் பேச்சில் பாதியைத் தின்றுவிட்டுப் போகிறது.
ஜூலை. மழை.
மரோலில் எங்கள் ஜன்னலுக்கும் அதே மழைதான் வரும்,
கொஞ்சம் தாமதமாக.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி அது.
அதன் பக்கத்தை நான்தான் கட்டினேன்,
தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும்.

யார் கூப்பிட்டாலும் முதலில் சொல்வதையே
அவருக்கும் சொன்னேன்:
கேஷை அழிங்க, ஹிஸ்டரியை அழிங்க.
மறுமுனை கொஞ்ச நேரம்
வண்டிச் சத்தத்தை மட்டும் அனுப்பியது.
பிறகு,
"அழிச்சா இவ ஸ்கேன் ரிப்போர்ட்டும் போயிருமா?"

போகாது என்றேன்.
போகாதென்று நன்றாகத் தெரியும்.
இருந்தாலும் அழிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

சரி, ஸ்கிரீன்ஷாட்.
பக்கத்தில் இருக்கிற ரெண்டையும் சேர்த்து அமுக்குங்க.
அமுக்கினார்.
போன் அணைந்துவிட்டது.

பதினோரு நிமிடம்.
அகலத்தைக் குறுக்கினேன், முந்நூற்று அறுபது, முந்நூற்று இருபது.
படுக்கவைத்தேன், நிமிர்த்தினேன்,
நெட்டை முடக்கிப் பார்த்தேன்.
வீட்டில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு
விருந்தாளி முன்னால் வாயடைக்கும் பிள்ளை மாதிரி
என்னிடம் மட்டும் எல்லாம் சரியாக நடந்துகொண்டது.

பிறகு ஒரு படம் வந்தது.
வடாபாவ் கடைப் பையன் தன் போனால் எடுத்த அவருடைய போன்.
கண்ணாடியில் விரிசல், விரிசலில் ஒரு துளி,
டியூப் லைட், குனிந்த ஒரு நெற்றியின் நிழல்.
எழுத்தெல்லாம் கட்டைவிரல் நகம் பருமன்.
'தங்க வருபவ' என்று ஒரு வரி
'ர் பெயர்' என்று மறுவரி.
ஆதார் எண்ணுக்குக் கீழே
கத்தியால் அறுத்த மாதிரி வெள்ளை.

கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்,
போனோடு வந்த ப்ரவுசர் அவர் சொன்னதைக் கேட்கிறது.
என் பெட்டி கேட்கவில்லை.
அதன் உயரத்தை நானூற்று எண்பது என்று அடித்துவைத்தவள் நான்.
அடுத்த வரியில்,
வழிவதை மறை.

போன செப்டம்பர். டெமோ அன்று
ஒரு நிழல் மூன்று பிக்ஸல் வெளியே தொங்கியது,
மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.
அதற்காக எழுதினேன் அந்த வரியை.
அப்புறம் எல்லோரும் டீ குடித்தோம்.

வரியை எடுத்தேன்.
சர்வருக்கு ஏற ஏழு நிமிடம்.
இப்போது குரோமில் பெட்டிக்குக் கீழே
தேவையில்லாமல் ஒரு வால்.
கேதகி எட்டிப் பார்த்து
அசிங்கமாக இருக்கிறது என்றாள் மராத்தியில்.
ஆமாம் என்றேன் தமிழில்.

"வந்துட்டும்மா, பச்சையா இருக்கு!"
சிரித்தேகூட இருப்பார்.
"அமுக்கிட்டேன்."
அப்புறம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் குரல்:
"அறை… காலி… இல்லை.
காத்திருப்பு… பதினாலு."

பதிவேட்டைத் திறந்தேன்.
அவர் முதலில் கூப்பிட்டது நாலு இருபது.
நாலரை வரைக்கும் இரண்டு அறை இருந்திருக்கிறது.

புகார்ச் சீட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று மாற்றப்போன விரல்
மவுஸிலேயே கிடந்தது.
எங்கே தங்குவீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க வேலையைப் பாருங்கம்மா.
இங்க நம்மூர் ஆளுக ஏழெட்டுக் குடும்பம் இருக்கு.
நனையல."