பித்தளைக் கணக்கு

டூரினில் கிளம்பும்போது அது சரக்கு.
ஊதினேயில் பெரிய ரயிலிலிருந்து இறங்குகையில் பெட்டி.
பள்ளத்தாக்கின் ஒற்றைத் தண்டவாளத்தில்
முனகிக்கொண்டு வரும்போது வெறும் எண்.
பலூட்ஸாவில் என் மேசைக்கு வந்தபின்தான்
அதைக் குண்டு என்கிறோம்.

அதற்கு மேல் சாலை இல்லை.
கோவேறு கழுதைகள் மறுத்து நிற்கும் இடத்தில்
பெண்கள் தொடங்குகிறார்கள்.

நான் பாரி நகரத்தான். கடல் பார்த்து வளர்ந்தவன்.
பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித் தந்தவன்
என்பதால் இந்தக் கிடங்கை என் தலையில் கட்டினார்கள்.
விடியுமுன் வரிசை நிற்கும்.
கையில் சிவப்புப் பட்டை, பட்டையில் எண்,
முதுகுக் கூடையில் ஆளுக்கு ஆறு.
மூக்குகள் இடித்துக்கொள்ளாமல் வையுங்கள் என்றேன் முதல் நாள்.
"முட்டை அடுக்கியவளுக்கா சொல்கிறாய், கார்ப்பொரல்?"
என்றாள் நூற்றுப் பதினேழு.
கையேட்டில் அவள் பெயர் சபீதே.

துணிச்செருப்பு. பனியில் ஓசையே இல்லை.
நடந்துகொண்டே காலுறை பின்னுவார்கள்,
ஏறும்போது இடது கால்,
இறங்கும்போது வலது.
நாலு மணி நேர ஏற்றம். நடைக்கு ஒன்றரை லிரா.

வாய்ப்பாட்டுக்காரன் சும்மா இருப்பேனா,
ஒரு நாள் கணக்குப் போட்டேன்:
நாற்பது பெண்கள், இருநூற்று நாற்பது குண்டுகள்,
மேலே மூன்று பீரங்கிகள்.
விடை, இருபது நிமிடம்.
வழி தப்பியிருக்குமோ என்று
திரும்பவும் போட்டேன்.
இருபது நிமிடம்.

சுட்டது போக, பித்தளை உறை திரும்ப வேண்டும்.
இரவல் பாத்திரம் போல
கழுவி, எண்ணி, டூரினுக்கு அனுப்பினால்
மறுபடி நிரப்பித் தருவார்கள்.
ஆறு ஏறினால் ஆறு இறங்கவேண்டும்.

பிப்ரவரியில் ஒரு மாலை
நூற்றுப் பதினேழின் கூடையில் ஐந்து.
"ஆறு போனதே."
"ஐந்து வந்திருக்கிறது."
பின்னலூசி நிற்கவில்லை.

ஊதினேயிலிருந்து கடிதம்:
குறையும் ஓர் உறைக்கு விளக்கம் தருக.
ஓர் உறைக்கு! அந்தக் காகிதத்தின் தாளும் மையும் முத்திரையும்
அந்தப் பித்தளையைவிடக் கூடுதலாக இருந்திருக்கும்.
போனேன்.

திமாவ் கிராமத்தில் கடைசி வீடு.
மாவு பிசையும் தொட்டியில் ஒரு குழந்தை,
அதன் காலடியில்
எந்த மனிதக் காலுக்கும் பொருந்தாத
நீளக் காலுறை ஒன்று.
தொட்டேன். சூடு.
உள்ளே வெந்நீர், வாயில் செதுக்கிய தக்கை.
அடிப்பக்கத்து முத்திரையைப் படிக்கத் திருப்பினேன்,
விரல் சுட்டது.
ஆலை சரி. ஆண்டு சரி. தொகுதி எண்ணும் சரி.
குழந்தை விழித்து
என் தொப்பியைப் பார்த்துச் சிரித்தது.

"நாளைக்கு எடுத்துப் போ," என்றாள் சபீதே.
"இன்றைக்குப் பனி அதிகம்."

'பனிச்சரிவில் விழுந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பொய் எழுதினால் என் எழுத்து வலப்பக்கம் சாயும்.
ஊதினேயில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்துப் பதில்:
பனி உருகியதும் தேடவும்.

மே மாதம் உருகிற்று.
தேட ஆளில்லை. நேரமும் இல்லை.
அன்றைக்கு வந்த ரயிலில்
என் கிடங்கு கொள்ளாத அளவு பெட்டிகள்,
கூடவே ஒரு புதிய உத்தரவு,
ஆளுக்கு எட்டு.

வரிசையில் வாசித்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நூற்றுப் பதினேழு கூடையின் வாரை
ஒரு துளை தள்ளி மாட்டிக்கொண்டாள்,
எழுந்து நின்றாள்,
சற்றே தள்ளாடி,
பின் நூலுருண்டையைத் தேடினாள்.