பதினொரு விநாடி

ஐஸ் தொழிற்சாலையின் காசுப்பெட்டியை
இரண்டாம் முறையும் உடைத்துப் போன பிறகுதான்
விண்ணப்பம் போட்டேன்.
காவலுக்கு நின்ற கதிரமலையின் தாடையில்
இன்னும் கம்பி.

கச்சேரிக்கு மூன்று தரம், பொலிசுக்கு ஐந்து தரம்,
கொழும்புக்கு இரவு ரயிலில் ஒரு தரம்.
‘பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு இது?’ என்ற அதிகாரியிடம்
‘கள்ளனும் அதைத்தான் கேட்பான், ஐயா’ என்றேன்.
சிரித்தபடி ஒப்பம் வைத்தார்.

கையில் வாங்கினால்
ஒன்றரை இறாத்தல் பாணின் நிறை.
அவ்வளவுதான்.

எங்கே வைப்பது?
தலையணைக்குக் கீழே வைத்தால்
கள்ளன் வராவிட்டாலும் நித்திரை வராது.
அலுமாரியின் மேல்தட்டு?
கதிரைமேல் கதிரை ஏறி பிஸ்கட் டின்னை எட்டுகிறவள்
ஆறு வயது ஆரபி.
சாமியறை?
பத்திரகாளிக்கு ஏற்கெனவே கை நிறைய ஆயுதம்.

கடைசியில் ஓர் இரும்புப் பெட்டி,
சுவரோடு நான்கு போல்ட்,
நான்கு இலக்கப் பூட்டு.
உள்ளே அது, குண்டேற்றியபடி,
பசியோடு படுத்திருக்கும் நாயைப்போல.
இலக்கத்தை எங்கும் எழுதிவைக்கவில்லை.
இங்கேயும் எழுதமாட்டேன்.

கரண்ட் இல்லாத இரவுகளில்
பற்களை விரலால் எண்ணி எண்ணித்
திறக்கப் பழகினேன்.
குகதாசன் மணிக்கூடு பிடித்தார்.
பதினொரு விநாடி.
‘கள்ளன் பொறுப்பானா?’ என்றார்.

*

ஒன்பது வயதில்
பாலையூற்று வளவில்
கோழி கிளறிய மண்ணிலே கிடந்தது
ஒரு வெற்றுக் கோது.
பித்தளை. ஊதினால் விசில்.
நான் ஊதிக்கொண்டே குசினிக்குள் போனேன்.

தெருமுனையில் ட்ரக் நிற்கிற சத்தம்.

அம்மா என் வாயிலிருந்து அதைப் பிடுங்கி
கொதிக்கிற சோற்றுப் பானைக்குள் போட்டா.
மா டின்னைக் கொட்டினார்கள்.
அண்ணனின் கணக்குக் கொப்பியை
தலைகீழாகப் பிடித்து உதறினார்கள்.
ஒருவன் பானை மூடியைத் திறந்தான்,
ஆவி முகத்தில் அடிக்க
மூடினான்.

அன்றிரவு நாங்கள் அந்தச் சோற்றைத்தான் தின்றோம்.
வேறு அரிசி இருக்கவில்லை.
ஒரு கோதுக்கு ஓர் அண்ணன் போகிற காலம் அது.
இப்போது என்னிடம்
கணக்கெழுதி, முத்திரை குத்தி,
வருஷா வருஷம் புதுப்பிக்கிற
பத்து.
அம்மா இருந்திருந்தால்
எதைக் கொதிக்க வைத்திருப்பா?

*

ஆடி. கச்சான் காற்று
தகரத்தை இழுத்து இழுத்து விட்ட இரவு.
இரண்டரை மணி.
பின்கேட் முனகியது.
குகதாசன் முத்தூரில். ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகள்
கோட்டையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.
இந்த வீட்டில் விழித்திருப்பது நான் மட்டும்.

முதல் இலக்கம்.
செருப்பில்லாத நடை.
இரண்டாவது.
நடை நின்றது.
வாளி உருண்டது.
மூன்றாவது.
எதையோ மெல்லும் சத்தம், ஈரமாக, அவசரமில்லாமல்.
கள்ளன் சாப்பிடுவானா?
விரல் நான்காவது பல்லில் இருக்கும்போது

‘மெள்ள, மெள்ள, விக்கும்’
என்றது
ஆரபியின் குரல்.

பின்கதவுத் தாழ்ப்பாளுக்குக் கீழே
கதிரைமேல் கதிரை.
முற்றத்தில் என் மகள், இரவுச் சட்டையோடு,
பகல் மிஞ்சிய பாணை
ஒரு புள்ளிமானுக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டு.
கொம்பில் யாரோ வீட்டுக் கொடிக்கயிறு.

மான் என்னைப் பார்த்தது.
எனது வெறுங்கையைத்தான்
முதலில் பார்த்தது.

*

‘விரல் வைத்தாலே திறக்கிற பெட்டி கொழும்பில் இருக்காம்.
ஒரே விநாடி’ என்கிறார் குகதாசன்,
முத்தூர் உப்பு இன்னும் சட்டையில்.
நான் அவருக்கு எதுவும் சொல்லவில்லை.
கதவின் மேல் நுனியில்
புதுத் தாழ்ப்பாள் பூட்டியாயிற்று.

உலையில் அரிசி.
மூடியைத் திறந்து
அகப்பையால் அடிவரை துழாவிப் பார்க்கிறேன்.
அரிசிதான்.