ஏழாவது தட்டு

பன்னிரண்டு தட்டு, மூன்றரை மணி நேரம்.
சான் செபாஸ்டியனில்
விரிகுடா தெரிகிற மேசை வேண்டுமென்றால்
ஐந்து மாதம் முன்பே பெயர் கொடுக்க வேண்டும்.
கொடுத்திருந்தார்கள்:
உஷியோ, சபேலா, வீகோ துறைமுகத்திலிருந்து.
விடுமுறையின் முதல் இரவு.

நாற்காலியை நான் இழுத்துவிட்டதும்
யாருக்கோ என்று திரும்பிப் பார்த்தார் அவர்.
அந்த அம்மாள் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தார்.
பைக்கென்று ஒரு குட்டி முக்காலி உண்டு எங்களிடம்.
கொண்டுவந்து போட்டேன்.
"பைக்கு ஆசனமா!" என்று சிரிக்கத் தொடங்கியவர்
வெகுநேரம் நிறுத்தவில்லை.

முதல் தட்டு, கடலில் ஒதுங்கிய கட்டைத் துண்டு.
அதன்மேல் நகக்கண் அளவு பாசி வறுவல்.
"கட்டையையும் தின்பதா?" என்றார் உஷியோ.
நியாயமான கேள்வி.
இரண்டாவதைப் பற்றி நான் பேசி முடித்த நேரத்தில்
பாதிகூட ஆகவில்லை அதைத் தின்ன.
ரொட்டி மட்டும் நான்கு முறை கேட்டார்கள்.
வெண்ணெயை அவர்கள் வழித்தெடுத்த விதத்தில்
எனக்கு இருவரையும் பிடித்துப்போயிற்று.

ஆறாவதுக்கு முன்
கையை உயர்த்தி ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
சபேலா தானாகவே சொன்னார்:
இருபத்தாறு வருஷம், மீன் டப்பா ஆலை,
முள் எடுக்கும் வரிசை.
"ஒரு டப்பாவில் ஒரு முள் அகப்பட்டாலும்
அரை நாள் கூலி போச்சு, எனேக்கோ.
யார் கை என்று எண் ஒட்டியிருக்கும்."
சொல்லிவிட்டு
மறுபடி முக்காலியைப் பார்த்துச் சிரித்தார்.

ஏழாவது, ஹேக் மீன்.
வாணலியைச் சுழற்றிச் சுழற்றி
மீனின் பிசினையே குழம்பாக்குவது
கர்பின்யேயின் வித்தை.
தட்டு முறத்தளவு. மீன் தீப்பெட்டியளவு.
இரண்டாம் வாயில்
மெல்லுவதை நிறுத்தினார் சபேலா.
கடலைப் பார்த்தார்.
கைத்துணியை உதட்டில் ஒற்றி
மடித்தார், திரும்ப மடித்தார்,
மடியில் வைத்துக்கொண்டார்.
இதையெல்லாம் கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த நேரம் பார்த்தா கர்பின்யே வெளியே வர வேண்டும்?
வெள்ளைக் கோட்டு, கைகள் முதுகுப்பக்கம்.
"மீன் எப்படி?"
அடுக்களைக் கதவின் வட்டக் கண்ணாடியில்
பென்யாத்தின் பாதி முகம்.
போன வாரம்தான் கத்தி அவன் கைக்கு வந்தது.

"மீனுக்கே தெரியாமல் முள் எடுத்திருக்கிறீர்கள்"
என்றார் சபேலா.
உஷியோ ஆமாம் என்று தலையாட்டினார்,
ரொட்டியால் தட்டைத் துடைத்தபடி.

பிறகு எட்டு, ஒன்பது,
புகையோடு ஏதோ, பனியோடு ஏதோ.
பில் வந்தபோது
பழுப்பு உறையிலிருந்து நோட்டுகளை
இரண்டு தரம் எண்ணினார் அவர்.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அந்த அம்மாள் போகும்போது கேட்டது ஒன்றுதான்:
முக்காலி என்ன விலை?

கைத்துணியை உதறாமல் எடுத்தேன்.
நான்காம் மடிப்புக்குள் இருந்தது,
இமைமயிர் கனத்தில், லேசாக வளைந்து.
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
சலவைக்காரன் கணக்கில்
ஒரு துணி மட்டும் தனியாக மடித்திருந்தது ஏன் என்று
யாரும் கேட்கவில்லை.

நள்ளிரவு தாண்டி எங்கள் சாப்பாடு.
நின்றபடியே, தலையும் முள்ளுமாகப் பொரித்த நெத்திலி.
பென்யாத் பதினான்கு தின்றான்.
"ஜன்னல் மேசை என்ன சொன்னார்கள்?"
ஐந்தாம் முறையாகக் கேட்டான்.
சொன்னதைச் சொன்னேன்.
வாய்க்குள் முள் நொறுங்க நொறுங்க
இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.